ஓராண்டு அதிகாரிகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மதுரை மாநகராட்சியின் நூறு வார்டுகளைப் பற்றிய கேள்வி ஒன்றுக்கு விடை எழுதும்போது, பழைய ரோம் நகரத்தில் தெருக்களைத் துப்புரவாக வைத்திருக்கும் பொறுப்பு ஈடைல் என்ற மாஜிஸ்திரேட்டிடம் இருந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே ஒரு கட்டுச் சேர்ந்துவிட்டன. ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடமில்லை. அவற்றை அனுப்பியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: மாஜிஸ்திரேட் என்றால் எங்களுக்கு ரிமாண்டும் ஜாமீனும்தான் நினைவுக்கு வரும். தெருவைக் கூட்ட வைப்பவரை மாஜிஸ்திரேட் என்று எழுதியிருக்கிறீர்களே, அச்சுப் பிழையா?
(வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர், அண்ணா நகர், மதுரை)

பதில்: பிழை இல்லை. லத்தீன் மொழியில் 'மாகிஸ்திராத்துஸ்' என்ற சொல் ஒரு பொதுப் பதவியையும் அந்தப் பதவியில் இருப்பவரையும் ஒருசேரக் குறிக்கும். 'அதிகம்' என்று பொருள்படும் 'மகிஸ்' அதற்கு வேர். 'குறைவு' என்று பொருள்படும் 'மினுஸ்' என்பதிலிருந்து பணியாளைக் குறிக்கும் 'மினிஸ்தெர்' பிறந்தது. இன்று மினிஸ்டர் எங்கே இருக்கிறார், மாஜிஸ்திரேட் எங்கே இருக்கிறார் என்று பார்த்தால், சொற்களுக்கும் பதவி உயர்வு உண்டு என்றே தோன்றுகிறது.

குடியரசுக் கால ரோமில் இப்பதவிகள் ஏணிப்படிகளைப் போல அமைந்திருந்தன. கீழ்ப்படியில் கருவூலக் கணக்கைப் பார்க்கும் குவெஸ்டர், அடுத்து ஈடைல், அதற்கு மேல் நீதித்துறையைக் கவனிக்கும் பிரீட்டர், உச்சியில், படை நடத்தவும் செனட் சபையைக் கூட்டவும் உரிமை பெற்ற கான்சல்கள் இருவர். பெரும்பாலும் எல்லோருக்கும் பதவிக்காலம் ஓராண்டுதான். கி.மு. 81-இல் சர்வாதிகாரியாக இருந்த சுல்லா வகுத்த விதிகளின்படி குவெஸ்டராவதற்கு 30 வயதும், பிரீட்டராவதற்கு 39-உம், கான்சலாவதற்கு 42-உம் ஆகியிருக்க வேண்டும்.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமானவர் பிரீட்டர். ஆனால் அவர் ஒரு வழக்கை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர் அல்லர். வாதியும் பிரதிவாதியும் முன்னே வந்ததும், 'இன்னார் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டியிருப்பது மெய்யானால் கொடுக்கச் சொல், இல்லையேல் விடுவித்துவிடு' என்று வழக்கின் சாரத்தை ஓரிரு வாக்கியங்களில் வகுத்துக் கொடுத்து, ஒரு தனிக் குடிமகனிடம் அனுப்பிவிடுவார். சாட்சிகளைக் கேட்டு முடிவு சொல்வது அந்தக் குடிமகனின் வேலை. மாதிரி வாசகங்களில் வாதிக்கு அவுலுஸ் அகேரியுஸ் என்றும் பிரதிவாதிக்கு நுமேரியுஸ் நெகிடியுஸ் என்றும் பெயரிட்டிருப்பார்கள். முன்னதில் 'வழக்காடுபவன்', பின்னதில் 'மறுப்பவன்' என்ற சிலேடை ஒளிந்திருக்கிறது. குமாஸ்தாக்களின் குறும்பு அன்றும் இருந்திருக்கிறது. பதவியேற்ற பிரீட்டர், தம் ஆண்டில் எவ்வகை வழக்குகளுக்கு இடம் கொடுப்பார் என்பதை வெள்ளை பூசிய பலகையில் எழுதிப் பொதுவிடத்தில் வைப்பார். அந்த வெள்ளைப் பலகைக்கு 'அல்பும்' என்று பெயர். நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்துக்குப் பூர்வீகம் அதுதான்.

கேள்வி: என் தராசுக்கும் எடைக்கற்களுக்கும் முத்திரை வைக்க அரசாங்கத்தில் ஆள் உண்டு. ரோமாபுரிச் சந்தையில் கள்ளத் தராசைப் பிடித்தது யார்? அந்த ஈடைல்தானா?
(பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், கீழமாசி வீதி)

பதில்: அவரேதான். ரோமில் ஈடைல்கள் நால்வர். சந்தை, தானிய வரத்து, எடை, அளவை, தெரு, பொதுக் கட்டடங்கள், திருவிழா விளையாட்டுகள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இன்றைய மாநகராட்சி ஆணையரையும், எடையளவு ஆய்வாளரையும், பொருட்காட்சி நடத்தும் கமிட்டித் தலைவரையும் ஒரே ஆளாகப் பிசைந்தால் ஈடைல் கிடைப்பார்.

இத்தாலியில் பொம்பேயி என்ற ஊரின் நடுச் சதுக்கத்தில் ஒரு கல் மேசை கிடைத்திருக்கிறது. மேசையின் மேற்பரப்பில் சிறிதும் பெரிதுமாக வட்டக் குழிகளைக் குடைந்திருக்கிறார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் ஒரு குழி உழக்கு, ஒரு குழி நாழி, ஒரு குழி மரக்கால் என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கிய தானியத்தைக் குழியில் கொட்டித் தலைதட்டிப் பார்த்துவிட்டு, அடியில் உள்ள துளையைத் திறந்தால் அது பைக்குள் இறங்கிவிடும். முதலில் அவ்வூரார் தங்கள் பழைய அளவைகளுக்கு ஏற்பக் குடைந்திருந்த குழிகளை, ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ரோமானிய அளவுக்கு ஒத்துவரும்படி பெரிதாக்கினார்கள்; அந்த வேலையைச் செய்த உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகள் இருவரின் பெயர்களும் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. மோசடியைக் கண்டுபிடிக்க அதிகாரியைத் தேடி ஓட வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் கல்லில் கொட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

மாட்டுச் சந்தைக்கும் அடிமைச் சந்தைக்கும் ஈடைல்கள் தனி ஆணை பிறப்பித்திருந்தார்கள். விற்பவர் நோயையும் குறையையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைத்து விற்றிருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளவோ, ஓராண்டுக்குள் விலையைக் குறைக்கச் சொல்லவோ வழக்குப் போடலாம். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி, சுழி பார்த்து மாடு பிடிக்கும் நம் பக்கத்து விவசாயிகளுக்கு இப்படி ஓர் ஆணை இருந்தால் பிடித்துத்தான் போகும். ஆனால் மனிதனையும் மாட்டையும் அடுத்தடுத்த பத்தியில் வைத்து எழுதிய சட்டம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

தெருவைப் பற்றி ஒரு செய்தி. கலிகுலா பேரரசனாக இருந்தபோது ஈடைலாக இருந்த ஒருவர் தெருச் சேற்றை அள்ளாமல் விட்டுவிட்டார். ஆத்திரமடைந்த கலிகுலா, அந்தச் சேற்றை வாரி அவருடைய மேலாடை மடிப்புக்குள்ளேயே கொட்டும்படி சிப்பாய்களுக்கு உத்தரவிட்டான். மடியில் சேற்றைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த மனிதர் வெஸ்பாசியன், கி.பி. 69-இல் அவரே பேரரசரானார். சித்திரைத் திருவிழா முடிந்த மறுநாள் மாசி வீதிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும்.

கேள்வி: இப்பதவிகளுக்குச் சம்பளம் எவ்வளவு? கிம்பளம் உண்டா?
(ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர், திருமங்கலம்)

பதில்: சம்பளம் கிடையாது. ஒரு காசு கூடக் கிடையாது. பதவிக்கு லத்தீனில் 'ஹோனோர்', அதாவது மரியாதை என்றே பெயர். ஊதா விளிம்பிட்ட மேலாடை, மேல் பதவிகளுக்குத் தந்தம் பதித்த மடக்கு நாற்காலி, பிரீட்டருக்கும் கான்சலுக்கும் முன்னே கோல்கட்டு ஏந்திச் செல்லும் ஏவலர்கள் (கான்சலுக்குப் பன்னிருவர், நம் டவாலியைப் போல) ஆகியவைதான் கூலி. கேட்பதற்கு உயர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அமைப்பின் கோளாறு முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். கூலியில்லாத வேலைக்குச் சொத்துள்ளவன் மட்டுமே வர முடியும்; வந்தவனும் மேற்படிக்கு ஏற வேண்டுமானால் ஊர் மெச்சச் செலவழித்தாக வேண்டும்.

ஜூலியஸ் சீசர் கி.மு. 65-இல் ஈடைலாக இருந்தபோது 320 இணை வாள்வீரர்களை இறக்கி வேடிக்கை காட்டினார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். உடன் ஈடைலாக இருந்த பிபுலுஸும் பங்குக்குப் பணம் போட்டார். பெயர் முழுவதும் சீசருக்குப் போயிற்று. "காஸ்டர், பொல்லுக்ஸ் என்ற இரட்டைத் தெய்வங்களுக்கும் உரிய கோயிலைக் காஸ்டர் கோயில் என்று மட்டும் சொல்கிறார்கள் அல்லவா, என் கதையும் அதுதான்" என்று பிபுலுஸ் நொந்துகொண்டாராம். இன்னொருவர் கேலியுஸ். கி.மு. 50-இல் ஈடைலான இவர், தம் விளையாட்டுக் காட்சிக்குச் சிறுத்தைகள் வேண்டும் என்று, அப்போது சிலிசியா மாகாணத்தின் ஆளுநராக இருந்த சிசெரோவுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதித் துளைத்தெடுத்தார். சிசெரோவின் பதில் இன்றும் இருக்கிறது: சிறுத்தைகள் மிகவும் குறைந்துவிட்டன, என் மாகாணத்தில் தங்களைத் தவிர வேறு யாருக்கும் கண்ணி வைக்கப்படுவதில்லையே என்று குறைபட்டுக்கொண்டு பக்கத்து நாட்டுக்குக் குடிபெயர முடிவு செய்துவிட்டனவாம்.

போட்ட பணத்தை எடுப்பது எங்கே? பதவி முடிந்த பிரீட்டர்களும் கான்சல்களும் மாகாண ஆளுநர்களாக அனுப்பப்பட்டார்கள், அங்கே. கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியை ஆண்ட வெர்ரெஸ், முதலாண்டு வருமானம் எனக்கு, இரண்டாமாண்டு என் வழக்கறிஞர்களுக்கு, மூன்றாமாண்டு என் நீதிபதிகளுக்கு என்று கணக்குச் சொன்னதாக, கி.மு. 70-இல் அவர் மீது வழக்கு நடத்திய சிசெரோ குற்றம்சாட்டினார். வழக்கு பாதியில் இருக்கும்போதே வெர்ரெஸ் ஊரைவிட்டே போய்விட்டார். கவனிக்க வேண்டியது, பதவியில் இருந்த வரையில் அவரைத் தொட முடியவில்லை என்பது.

எல்லோரும் அப்படி இல்லை. அதே சிசிலியின் மேற்குப் பகுதியில் கி.மு. 75-இல் குவெஸ்டராக இருந்த சிசெரோ, பஞ்ச காலத்தில் ரோமுக்கு ஏராளமான தானியம் அனுப்பி நல்ல பெயர் எடுத்தார். ஊரே தம்மைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கும் என்ற நினைப்போடு திரும்பி வரும் வழியில், புத்தேயோலி துறைமுகத்தில் ஒருவர், "ரோமிலிருந்து என்றைக்குக் கிளம்பினீர்கள்? ஊரில் என்ன விசேஷம்?" என்று கேட்டார். மாகாணத்திலிருந்து வருவதாகச் சொன்னதும், "ஆமாம், ஆப்பிரிக்காவிலிருந்துதானே?" என்றார் அவர். "சிசிலி" என்று இவர் எரிச்சலோடு சொல்ல, எல்லாம் தெரிந்த இன்னொருவர் குறுக்கிட்டு, "தெரியாதா, இவர் சிராகூசில் அல்லவா இருந்தார்!" என்றார். சிராகூஸ் இருப்பது தீவின் மறுகோடியில். இந்தக் கதையைச் சிசெரோ தாமே நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார். வெளி மாவட்டத்தில் உயிரைக் கொடுத்து வேலை பார்த்துவிட்டு வந்த எத்தனையோ பேருக்கு இது புதிய கதையாக இருக்காது. கடிதம் எழுதிய உங்களுக்கும் அப்படித்தானே?

கேள்வி: ஒரே நாட்டுக்கு இரண்டு கான்சல்கள் எதற்கு? சண்டை வராதா?
(கல்லூரி மாணவி, மேலூர்)

பதில்: வர வேண்டும் என்பதற்காகத்தான் இருவர். அரசனைத் துரத்திவிட்டுக் குடியரசு அமைத்தவர்களுக்கு ஒற்றை ஆளின் அதிகாரத்தின் மீது இருந்த பயம் தீரவில்லை. ஆகவே ஒருவர் செய்வதை அதே அளவு அதிகாரம் உள்ள மற்றவர் தடுக்கலாம் என்று வைத்தார்கள். கான்சலின் ஏவலர் சுமக்கும் கோல்கட்டுக்குள் செருகிய கோடரியை நகர எல்லைக்குள் எடுத்துவிட வேண்டும் என்ற வழக்கமும் அந்தப் பயத்தில் பிறந்ததுதான்.

இவர்கள் எல்லோரையும் தடுக்கக்கூடியவர்கள் டிரிபியூன்கள் என்ற பதின்மர். கி.மு. 494-இல் சாமானியக் குடிகள் வேலைகளைப் போட்டுவிட்டு ஒரு குன்றின் மீது போய் உட்கார்ந்துகொண்டு வாதாடிப் பெற்ற பதவி அது என்பது ரோமானியர் மரபுச் செய்தி. டிரிபியூன் மீது யாரும் கை வைக்கக் கூடாது. அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். 'தடுக்கிறேன்' என்று பொருள்படும் 'வீட்டோ' என்ற ஒரு சொல்லால் சட்டத்தையே நிறுத்திவிடலாம்.

இங்கே நம் பாண்டி நாட்டுக் கல்வெட்டு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து மானூரில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800-இல் ஊர்ச் சபைக்கு விதிகள் எழுதினார்கள். எந்தக் காரியத்தை எடுத்தாலும் 'அல்ல, அல்ல' என்று மறித்துக்கொண்டே இருப்பவருக்கும் அவரைத் தூக்கிப் பிடிப்பவர்களுக்கும் ஐந்து காசு தண்டம் என்பது அவ்விதிகளுள் ஒன்று. ரோமில் மறுப்பவருக்குத் தெய்வக் காப்பு, மானூரில் மறுப்பவருக்கு அபராதம்! எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய எனக்கு மானூர்க்காரர்கள் மீது தனி அனுதாபம் உண்டு.

தடுக்கும் உரிமை தடுக்கப்பட்டபோதுதான் குடியரசு ஆட்டம் கண்டது. கி.மு. 133-இல் திபேரியுஸ் கிராக்குஸ் என்ற டிரிபியூன், பொது நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் தம் சட்டத்தைத் தடுத்த சக டிரிபியூனை மக்கள் வாக்கெடுப்பால் பதவியிலிருந்தே இறக்கினார். அதே ஆண்டில் அவரும் அடித்துக் கொல்லப்பட்டார். கி.மு. 59-இல் சீசரும் மேலே சொன்ன அதே பிபுலுஸும் கான்சல்கள். தடுக்கப் போன பிபுலுஸின் தலையில் சாணக்கூடை கவிழ்க்கப்பட்டது. மீதி ஆண்டை அவர் வீட்டுக்குள் இருந்து சகுனம் பார்த்தே கழித்தார். அக்காலத்தில் ஆண்டுகளைக் கான்சல்கள் இருவரின் பெயரால் குறிப்பது வழக்கம். ஊர் நையாண்டிக்காரர்கள் அவ்வாண்டை 'ஜூலியஸும் சீசரும் கான்சல்களாக இருந்த ஆண்டு' என்று எழுதினார்கள்.

கேள்வி: சினிமா சென்சாருக்கும் ரோமுக்கும் தொடர்பு உண்டாமே?
(திரையரங்க ஊழியர், சிம்மக்கல்)

பதில்: சொல் அங்கிருந்து வந்ததுதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்களையும் அவர்கள் சொத்தையும் கணக்கெடுத்தவர்கள் சென்சார்கள் இருவர். நடத்தை சரியில்லை என்று கண்டால் செனட் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடவும் உரிமை இருந்தது. கி.மு. 184-இல் சென்சாரான காட்டோ, பட்டப்பகலில் மகள் பார்க்க மனைவியை அணைத்தார் என்பதற்காக ஒருவரை நீக்கியதாகச் சொல்வார்கள். இன்றைய வாரியத்தில் அவர் இருந்திருந்தால் நம் திரையரங்குகள் எல்லாம் என்றோ கல்யாண மண்டபங்களாகியிருக்கும்.

கேள்வி: ஜனவரி 1 ஏன் புத்தாண்டு?
(பள்ளி மாணவர், உசிலம்பட்டி)

பதில்: கி.மு. 153 முதல் கான்சல்கள் பதவியேற்ற நாள் அது. அதற்கு முன்பு மார்ச் 15-இல் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்; ஸ்பெயினில் போர் மூண்டதால் புதிய கான்சலைச் சீக்கிரம் அனுப்ப வேண்டி நாளை முன்னே தள்ளினார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

கேள்வி: இந்த அதிகாரிகளில் யாருடைய சுவடாவது நம் தமிழ் மண்ணில் உண்டா?
(நாணயம் சேகரிப்பவர், திருப்பரங்குன்றம்)

பதில்: ஆள் வந்து போனதற்கு அல்ல, பதவியின் பெயர் வந்து சேர்ந்ததற்குச் சான்று உண்டு; அதுவும் நீங்கள் சேர்க்கும் காசில்தான். தமிழ்நாட்டுப் புதையல்களில், குறிப்பாகக் கொங்கு நாட்டில், திரும்பத் திரும்பக் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றின் முன்பக்கத்தில் அகஸ்டஸின் தலை இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பினால் இளைஞர் இருவர் நிற்பார்கள். நடுவே கேடயங்களும் ஈட்டிகளும். அவர்கள் அகஸ்டஸின் பேரப் பிள்ளைகளான காயஸும் லூசியஸும். சுற்றியுள்ள எழுத்துகளுக்குள், 'கான்சலாக நியமிக்கப்பட்டவர்கள்' என்று பொருள்படும் சுருக்கம் பொறிக்கப்பட்டிருக்கிறது. காயஸ் பிறந்தது கி.மு. 20-இல், கான்சலானது கி.பி. 1-இல். சுல்லா வைத்த 42 வயது விதி என்ன ஆயிற்று என்று கேட்டால், அந்தக் காசே பதில். லூசியஸோ நாற்காலியில் உட்காராமலே கி.பி. 2-இல் இறந்துவிட்டான். மிளகுக்கும் முத்துக்கும் விலையாக நம் வணிகர்கள் எண்ணி வாங்கிய காசில், ஒரு குடியரசின் உயர்ந்த பதவி பேரனுக்குப் போடும் நகையைப் போல ஆகிவிட்ட செய்தி எழுதியிருந்தது. அவர்கள் எடையைத்தான் பார்த்திருப்பார்கள்.

கேள்வி: முப்பது வருடம் மதுரைச் சுவர்களில் தேர்தல் விளம்பரம் எழுதியவன் நான். பிளெக்ஸ் வந்து தொழில் போயிற்று. அந்தக் காலத்தில் ஓட்டுக் கேட்டு எழுத என்னைப் போல ஆட்கள் உண்டா?
(சுவர் ஓவியர் ஒருவர், செல்லூர்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்துக்காகவே இந்தப் பக்கத்தின் கடைசி இடத்தை ஒதுக்கி வைத்தேன். பொம்பேயி ஊரின் சுவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தேர்தல் எழுத்துகள் கிடைத்திருக்கின்றன. நீங்கள் செய்ததைப் போலவே, முதலில் பழைய எழுத்தின் மீது சுண்ணாம்பு அடித்து, பிறகு சிவப்பிலோ கறுப்பிலோ எழுதியிருக்கிறார்கள். வேட்பாளரின் பெயரைப் பெரிய எழுத்திலும், யார் கேட்கிறார்கள் என்பதைச் சிறிய எழுத்திலும் போடுவதும் உங்களுக்குப் பழகிய கணக்குத்தான். பழ வியாபாரிகள் ஒருவரை ஊர்த் தலைமை மாஜிஸ்திரேட்டாக்கக் கேட்கிறார்கள். யூலியுஸ் பொலிபியுஸ் என்பவரை ஈடைலாக்குங்கள், அவர் நல்ல ரொட்டி கொண்டுவருகிறார் என்கிறது ஒரு சுவர். இன்னொருவர் கருவூலத்தைக் காப்பாற்றுவார் என்கிறது வேறொரு சுவர். வாக்குரிமை இல்லாத பெண்களும் தங்கள் பெயரைப் போட்டு ஆதரவு கேட்டிருக்கிறார்கள். வாட்டியா என்ற வேட்பாளருக்கு மட்டும், 'இரவில் நேரம் கழித்துக் குடிப்பவர்கள் அனைவரும் கேட்டுக்கொள்கிறோம்', 'சில்லறைத் திருடர்கள் கேட்டுக்கொள்கிறோம்' என்றெல்லாம் எழுதியிருக்கிறது. எதிராளி ஆட்களின் வேலை என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எழுதியவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எமிலியுஸ் கெலெர் என்ற ஓவியர், ஒரு விளையாட்டு விளம்பரத்தின் ஓரத்தில், நிலா வெளிச்சத்தில் தனியாக எழுதினேன் என்று குறித்திருக்கிறார். தம் அண்டை வீட்டுக்காரர் ஒருவருக்காக எழுதிய தேர்தல் விளம்பரத்தின் அடியில், பொறாமையால் இதை அழிப்பவன் நோயில் விழுவானாக என்று சாபமும் கொடுத்திருக்கிறார். வேறோரிடத்தில் எழுதுபவரின் குரலே அப்படியே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: "விளக்குப் பிடிப்பவனே, ஏணியைப் பிடி."

அவ்வூரில் வாக்குப்பதிவு மார்ச் மாதத்திலும் பதவியேற்பு ஜூலை முதல் நாளிலும் நடக்கும். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து ஊரைச் சாம்பல் மூடியபோது, அவ்வாண்டு வென்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து அரையாண்டுகூட ஆகியிருக்கவில்லை. தேர்தல் முடிந்த சுவர்களுக்கு அடுத்த தேர்தல் வரும்வரை யாரும் சுண்ணாம்பு அடிக்காமல் விட்டிருந்ததால்தான், அந்தக் கடைசித் தேர்தலின் பெயர்களை இன்றும் படிக்க முடிகிறது.